கடுக்காயும் மிளகும் சிவப்பு ஒயினும்

(கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஆய்வுக்கூடங்களிலும் உற்பத்திப் பிரிவுகளிலும் பணிபுரியும் நண்பர்களின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உள்ளே வரும்போது ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்திருப்பார்கள். இப்போதே பிரிக்க வேண்டாம். அதில் ஒரு துண்டு கடுக்காய், நாலு மிளகு, சுண்டைக்காய் அளவு புளி, ஒரு கீற்று பச்சைக் குடைமிளகாய் இருக்கின்றன. ஒயினைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் ஒயின் கிடையாது. பகல் ஷிப்ட் முடித்து வந்தவர்களும் நைட் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உலைக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர் வாயில் ஒரு சொட்டு மது படக்கூடாது. சொல்ல வந்ததில் முக்கால் பங்கை இந்தப் பொட்டலத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். குடிக்காதவர்கள் இந்த உரையைக் கேட்டுத் தொடங்க வேண்டாம். குடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எப்போதாவது ஒரு கோப்பை, அதையும் நாக்கும் மூக்கும் விழித்திருக்கும்போது.

நம் பக்கத்தில் மதுக்கடைக்கு ஒயின்ஷாப் என்று பெயர். கவரைப்பேட்டையில் கேட்டாலும் ஆரம்பாக்கத்தில் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள். அந்தக் கடையில் வாங்கப்படுவதில் மிகக் குறைந்தது ஒயின்தான். பெயர் வந்து சேர்ந்தது, பொருளைப் பற்றிய அறிவு வரவில்லை. அதனால்தான் இந்த உரை.

சில வருஷங்களுக்கு முன்பு நாசிக்கிலிருந்து ஒரு புட்டி வாங்கி வந்திருந்தேன். உடன் வேலை பார்த்த தம்பி ஒருவர் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேபர்னே சாவிஞோன் என்று ஒரு திராட்சையின் பெயர், அதன் பக்கத்தில் ஷிராஸ் என்று இன்னொன்று. "இது கலப்பா சார்? அப்போ ஒரிஜினல் இல்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பாலில் தண்ணீரும் மிளகில் பப்பாளி விதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கலப்பு என்றாலே காதில் கலப்படம் என்றுதான் விழும்.

கலப்படம் என்றால் என்ன என்று இந்த அவையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மெத்தனால் டிரம்மைத் தினமும் பார்க்கிறவர்கள் நீங்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். உடம்புக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் அழிக்கிறது. ஒயின் உலகத்துக்கும் இந்தக் கறை உண்டு. 1985இல் ஆஸ்திரியாவில் சில வியாபாரிகள் ஒயினுக்கு இனிப்பும் கனமும் கூட்ட டையெத்திலீன் கிளைக்கால் சேர்த்தது அம்பலமானது. மறு வருஷமே இத்தாலியில் மெத்தனால் சேர்த்த ஒயினைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வாங்குகிறவருக்குத் தெரியாமல் மறைத்துச் சேர்ப்பது கலப்படம். ஒரு திராட்சையின் ஒயினில் இன்னொரு திராட்சையின் ஒயினை, என்னென்ன என்று தெரிந்து, அளந்து, சுவைத்துப் பார்த்துச் சேர்ப்பதைக் கலவை என்று சொல்வோம். இந்த இரண்டு சொற்களையும் இனி நாம் ஒன்றாகப் புழங்கக் கூடாது.

கலவை நமக்குப் புதிதா என்ன? பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ காபிப் பொடி அரைத்துத் தரும் கடையில் போய் நின்றால் முதல் கேள்வி என்ன? "பீபரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி போடலாமா?" எங்கள் வீட்டில் பீபரியும் பிளான்டேஷன் ஏ-யும் சரிபாதி, சிக்கரி நூற்றுக்குப் பதினைந்து. சிக்கரி இருபதைத் தொட்டால் என் அம்மா முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு யாரும் ருசி பார்க்கப் பாடம் எடுக்கவில்லை. டிகாக்‌ஷனின் கறுப்பு, நுரையின் நிறம், விழுங்கிய பிறகு தொண்டையில் தங்கும் கசப்பு என்று மூன்று இடத்தில் அவர் பார்ப்பார். சிவப்பு ஒயினையும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பொட்டலத்தைப் பிரியுங்கள். கடுக்காயை எடுத்து முன்பல்லால் லேசாகச் சுரண்டி நாக்கில் வையுங்கள். விழுங்க வேண்டாம்.

கன்னத்தின் உள்பக்கம் இழுக்கிறதா? நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறதா? அதுதான் டானின். வாயில் எச்சில் வழுவழுப்பாக இருப்பதற்குக் காரணமான புரதங்களை டானின் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்பு போய் வாய் காய்ந்த மாதிரி ஆகிறது. பாக்கில், வாழைப்பூவில், பால் விடாத கடுந்தேநீரில் எல்லாம் இதே வேலைதான். இந்த உணர்ச்சிக்குச் சொல் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. நமக்கு அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பு என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆடி மாதத்தில் நாவல் பழம் தின்று நாக்கை நீட்டிக் காட்டிய பிள்ளைகள்தானே நாம் எல்லோரும்? நாக்கில் ஏறிய அந்த ஊதா நிறம் ஆந்தோசயனின், வாயை இழுத்தது டானின். சிவப்பு ஒயினின் நிறமும் பிடிமானமும் இந்த இரண்டு வகைப் பொருள்களால் வருபவை. கறுப்புத் திராட்சையானாலும் சாறு பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். தோலோடும் விதையோடும் ஊறிப் புளிக்கும்போதுதான் சிவப்பும் துவர்ப்பும் அதில் இறங்குகின்றன.

அடுத்து புளி. புளியங்காயின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம்தான் திராட்சையின் முதன்மையான அமிலமும். ரசம் வைக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒயினின் புளிப்பு அந்நியமாக இருக்க வழியில்லை. தமிழ் பைபிளில் ஒயினுக்குத் திராட்சரசம் என்று பெயர் வைத்தவர்கள் நல்ல காரியம் செய்தார்கள்.

இனி மிளகை நசுக்கி முகருங்கள். ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு வாசனைக்கு எது காரணம் என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ரோட்டண்டோன் என்ற சேர்மத்தைக் கண்டு சொன்னார்கள். மிளகில் இருப்பதும் அதே சேர்மம்தான். அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அவர்கள் கொடுத்த மிக அதிகச் செறிவிலும் அந்த வாசனை தெரியவில்லை. ஆகவே ஷிராஸில் மிளகு தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் ரசனை போதாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் மூக்கின் அமைப்பு அப்படி.

மிளகு என்றதும் எனக்கு அரிக்கமேடு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அந்த மேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கோஸ் தீவுப் பாணிச் சாடிகளும் அவற்றில் உண்டு. அந்தத் தீவின் ஒயினில் கடல்நீர் சேர்ப்பது அந்தக் கால வழக்கம். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். மேலைக்கடலில் மிளகுக்கு வந்த கப்பல்களிலும் மதுச்சாடிகள் இருந்தன. ஒயின் நமக்குப் பிரிட்டிஷ்காரன் காட்டிய பொருள் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கடைசியாகக் குடைமிளகாய். அந்தப் பச்சை வாசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இனி, கலவை எப்படிப் பிறந்தது என்பதற்கு வருகிறேன். கேபர்னே சாவிஞோன் சின்னப் பழம், தடித்த தோல், துவர்ப்பு அதிகம். மெர்லோ என்ற இன்னொரு திராட்சை அதைவிட மென்மை, சதைப்பற்று, ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே பழுத்துவிடும். பிரான்சில் போர்தோ வட்டாரம் அட்லாண்டிக் கடலை ஒட்டியது, வானம் எப்போது கவிழும் என்று சொல்ல முடியாது. மெர்லோ பூக்கும்போது மழை பிடித்தால் கேபர்னே தப்பும். அறுவடைக் கடைசியில் மழை பிடித்தால் மெர்லோ ஏற்கெனவே தொட்டிக்குள் வந்திருக்கும். நெல்லோடு வரப்பில் உளுந்தும் போடும் நம் விவசாயியின் கணக்குதான் இது. பயத்தில் தொடங்கிய ஏற்பாடு நூற்றாண்டுகள் போனதில் ருசியாக நிலைத்துவிட்டது.

போர்தோவின் அந்தத் திராட்சைக் குடும்பத்தில் கார்மெனேர் என்று ஒன்றும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஃபைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது அது அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது. ஆனால் பூச்சி வருவதற்கு முன்பே போர்தோவிலிருந்து சிலிக்குக் கொண்டுபோன குச்சிகளில் அதுவும் கலந்து போயிருந்தது. அங்கே அதை மெர்லோ என்று நினைத்தே நட்டார்கள், மெர்லோவோடு சேர்த்தே பறித்தார்கள், மெர்லோ என்றே விற்றார்கள். கார்மெனேர் மெர்லோவைவிட வாரக்கணக்கில் தாமதமாகப் பழுக்கும். ஒரே நாளில் பறித்தால் அது இன்னும் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சை வாசனைதான் உங்கள் கையில் இருக்கும் குடைமிளகாய்! 1994இல் ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுக்காரர் தோட்டத்தில் நின்று கொடியைப் பார்த்து, இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த மக்கள் தெரியாமலே ஒரு கலவையைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு இரண்டையும் தனித்தனியே பறித்து, தனித்தனியே புளிக்கவைத்து, வேண்டிய அளவில் சேர்க்கத் தொடங்கினார்கள். தெரியாமல் சேர்ந்ததற்கும் தெரிந்து சேர்ப்பதற்கும் உள்ள தூரம் எனக்கு இந்தக் கதையில்தான் விளங்கியது.

தெரிந்து சேர்ப்பதை நேரிலும் பார்த்திருக்கிறேன். நாசிக் பக்கம் ஓர் ஒயின் ஆலை. அறுவடை முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. ஒயின் தயாரிக்கும் பொறுப்பில் இருந்த பெண்மணி மேஜையில் நான்கு புட்டிகளை வைத்திருந்தார். லேபிள் கிடையாது, மார்க்கர் பேனாவால் டேங்க் எண் மட்டும். பக்கத்தில் நூறு மில்லி அளவு சிலிண்டர், ஒரு பிப்பெட், துப்புவதற்கு ஒரு வாளி. நம் ஆய்வுக்கூட மேஜை மாதிரியேதான், வாசனை மட்டும் வேறு. முதலில் கேபர்னேயைத் தனியாகக் கொடுத்தார். நாக்கில் பட்டதும் நல்ல பழவாசம், விழுங்கும் இடத்தில் நல்ல துவர்ப்பு. நடுவில் ஒன்றுமில்லை, பள்ளம் விழுந்தது போல. "தெரிகிறதா?" என்றார். தெரிந்தது. ஷிராஸ் சேர்த்து 70க்கு 30 கலந்தார். பள்ளம் நிரம்பியது, ஆனால் கேபர்னேயே காணாமல் போய்விட்டது. 90க்கு 10 என்றால் பள்ளம் திரும்பி வந்துவிட்டது. 82க்கு 18இல் நிறுத்தி வெகுநேரம் முகர்ந்தார். பிறகு பெத்தி வெர்தோ என்ற திராட்சையின் ஒயினைப் பிப்பெட்டில் உறிஞ்சி வெறும் மூன்று மில்லி விட்டார். கண்ணாடியைச் சாய்த்து வெள்ளைத் தாளின் மேல் பிடித்தபோது ஓரத்தின் நிறமே மாறியிருந்தது. இவ்வளவும் செய்துவிட்டு அவர் முடிவு எடுக்கவில்லை. மூடி வைத்து, மறுநாள் காலையில் வெறும் வாயோடு வந்து திரும்பச் சுவைப்பதாகச் சொன்னார். பெயின்ட் ஷேடு பார்க்கிற நண்பர்களுக்கு அந்தப் பொறுமையின் அருமை புரியும்.

நம் நாட்டில் இந்தக் கலவைக்கு இன்னும் ஒரு தேவை இருக்கிறது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தூங்கும். இங்கே அது தூங்குவதே இல்லை. ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் அக்டோபரில் ஒரு கவாத்து என்று இரண்டு முறை வெட்டி, ஜனவரியிலிருந்து மார்ச் வரை பறிக்கிறார்கள். வெயில் ஏற ஏறச் சர்க்கரை கூடிப் புளிப்பு இறங்கிவிடும். முன்னதாகப் பறித்ததன் புளிப்பையும் பின்னால் பறித்ததன் கனிவையும் ஒன்று சேர்த்தால்தான் ஒயின் நிமிர்ந்து நிற்கும். பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பகுதியில் 1988 வாக்கில் கன்வல் குரோவர் பிரெஞ்சுக் கொடிகளை ஊன்றினார். அங்கிருந்து வந்த லா ரிசர்வ் கேபர்னே, ஷிராஸ் கலவை. போர்தோவின் மிஷேல் ரோலான் அதற்கு ஆலோசகராக இருந்தவர். சோலாப்பூர் மாவட்டம் அக்லுஜில் ஃபிராத்தெல்லி என்ற நிறுவனம் செத்தே என்ற பெயரில் இத்தாலியச் சாஞ்சியோவேசேயையும் கேபர்னேயையும் சேர்க்கிறது. முதல் முறை வாங்குகிறவர்களுக்கு நான் ஒற்றைத் திராட்சை ஒயினைவிட இப்படியான கலவையைத்தான் சொல்வேன்.

இங்கே எனக்கு ஓர் ஆசை உண்டு. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. பன்னீர் என்று நம் மக்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் மஸ்கட் வகைத் திராட்சைகளிலும் உண்டு. ஆனால் அதைத் தனியாக ஒயின் ஆக்கினால் வாசம் நிற்கும், உடம்பு நிற்காது, துவர்ப்பு போதாது. பிரான்சின் கோத்-ரோத்தியில் ஷிராஸோடு வியோனியே என்ற மணமுள்ள வெள்ளைத் திராட்சையைக் கொஞ்சம் சேர்த்துப் புளிக்கவைக்கிறார்கள். 20 சதவீதம் வரை சேர்க்க விதி இடம் தருகிறது, பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவாகவே சேர்ப்பார்கள். மணமும் ஏறுகிறது, சிவப்பு நிறமும் உறுதிப்படுகிறது. நல்ல துவர்ப்புள்ள ஷிராஸில் நூற்றுக்கு ஐந்தோ ஆறோ கம்பத்துப் பன்னீர் சேர்த்து யாராவது பொறுமையாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அந்த ஒயினுக்குத் தமிழ்நாட்டு முகவரி இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்லிப் புத்தகங்களில் இருக்கும். அது 16, 18 டிகிரியில் இருக்கும் ஐரோப்பிய வீட்டு அறை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் கும்மிடிப்பூண்டியில் அப்படிக் குடித்தால் மூக்கில் ஆல்கஹால் மட்டும்தான் ஏறும். முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். ஒரு முறை பகல் முழுக்க வெயிலில் நின்ற காரின் டிக்கியில் ஒரு புட்டியை மறந்துவிட்டேன். மாலையில் பார்த்தால் கார்க் கால் அங்குலம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. திறந்தபோது வெந்த கத்தரிக்காய் வாசனை. எத்தனை பேர் உழைப்பு ஒரு பகல் வெயிலில் போயிற்று என்று நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

சாப்பாட்டோடு என்றால் ஆட்டுக்கறிச் சுக்காவோடு துவர்ப்புள்ள ஒயின் இணையும். கறியின் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் வாய் இழுப்பது குறையும். கடுந்தேநீரில் பால் விடுகிற அதே வேதியியல். மிளகாய்க் காரம் அதிகமென்றால் துவர்ப்பு எரிச்சலைக் கிளப்பிவிடும். அப்போது மெர்லோ கூடுதலாக உள்ள மென்மையான கலவை, இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக. பழவேற்காட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மடவை மீன் வாங்கி வருகிறவர்கள் அன்றைக்குச் சிவப்பு ஒயினைத் தொடாதீர்கள். ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன்கொழுப்போடு சேர்ந்து துர்வாசனையை எழுப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டியிருக்கிறார்கள்.

கலவையைப் புரிந்துகொள்ள ஒரே வழி தானே கலந்து பார்ப்பது. மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு கேபர்னே, ஒரு ஷிராஸ், ஒரே வருஷத்து அறுவடையாகப் பார்த்து வாங்குங்கள். மெடிக்கலில் புதிதாக ஒரு பத்து மில்லி சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்துச் சிலிண்டரை எக்காரணம் கொண்டும் இதற்கு எடுக்காதீர்கள், அதில் முன்பு என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஐம்பது மில்லியில் 45க்கு 5, 40க்கு 10, 35க்கு 15 என்று கலந்து, கோப்பையின் அடியில் எண் எழுதி ஒட்டி, இடம் மாற்றி வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு, வாயில் சுழற்றித் துப்பிவிடுங்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் துப்பத்தான் செய்கிறார்கள். முதலில் நிறம், பிறகு வாசனை, பிறகு புளிப்பு எங்கே தொடங்குகிறது, துவர்ப்பு எங்கே முடிகிறது, நடுவில் பள்ளம் இருக்கிறதா என்று அவரவர் தாளில் தமிழிலேயே எழுதுங்கள். பாக்கு, நாவல், கிராம்பு, மண்வாசனை என்று தோன்றுகிற சொல்லைத் தோன்றியபடி எழுதினால் போதும்.

அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு பயிற்சி இருக்கிறது. வாசல் பக்கம் மேஜையில் மூன்று பிளாஸ்க் வைத்திருக்கிறோம். மூன்றிலும் ஒரே கொட்டை, ஒரே பால், ஒரே சர்க்கரை. ஒன்றில் சிக்கரி கிடையாது, ஒன்றில் பத்து, ஒன்றில் இருபத்தைந்து. எது எது என்று மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறது. குடித்துவிட்டு உங்கள் பொட்டலத் தாளிலேயே எழுதி என்னிடம் கொடுங்கள். நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் வாருங்கள்.